மச்சான் பெயரில் இருந்த புகை

1. கடுகு கருகிய காலை

அடுப்பில் சட்னிக்குக் கடுகு வெடித்துக்கொண்டிருந்தபோது பொன்னுசாமியண்ணன் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, பெட்ஷீட் கம்பெனிக்காரங்க கடுதாசி போட்டுட்டாங்க. நம்ம பொகை ரெட்டிப்பாயிருச்சாமா."

"எந்தப் பொகைங்கண்ணா? ஜெனரேட்டர் கீது பிரச்சினையா?"

"அதில்லீங்க. நீங்க எழுதிக் குடுத்தீங்கல்ல, அந்தப் பொகை."

நான் எனர்ஜி ஆடிட்டர். முப்பத்தொரு வருடமாகக் கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள மில்களிலும் தறி ஷெட்டுகளிலும் பவுண்டரிகளிலும் கரண்ட் எங்கே வீணாகிறது என்று தேடி அலைந்தவள். கடைசிப் பத்து வருடங்களில் அதோடு கார்பன் கணக்கும் சேர்ந்துகொண்டது. எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் டீசல் என்று எழுதி, அதனால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்று பெருக்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து முதலாளிகள் அதைப் 'பொகைக் கணக்கு' என்பார்கள்.

பொன்னுசாமியண்ணனுக்குக் கருமத்தம்பட்டியைத் தாண்டித் தறி ஷெட். பெட்ஷீட் துணி நெய்து வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு அனுப்புகிறார். அந்தக் கடைக்காரர்கள் எழுதியிருந்தது நான்கே வரி. அடிப்படை வருடத்தைவிட மொத்தப் புகையை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாக ஒப்புக்கொண்டீர்கள். மாறாக, அது இரண்டு மடங்காகியிருக்கிறது. பதினான்கு நாளில் எங்கள் ஆள் வந்து பார்ப்பார். விளக்கம் சரியில்லை என்றால் அடுத்த சீசனுக்கு ஆர்டர் கிடையாது.

அந்த ஆர்டர் நின்றால் ஷெட்டே நின்றுவிடும். எண்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடிதத்தோடு அடிப்படை வருடத்து அறிக்கையையும் இணைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர்: சாந்தாமணி' என்று என் கையெழுத்து அழகாக இருந்தது.

கடுகு கருகிப் போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

2. பச்சைப் பெயிண்ட்

அடிப்படை வருடம் என்றால் என்னவென்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் முதல் நாள் போனதும் எடை மெஷினில் ஏற்றிவிடுவார்கள் இல்லையா? பிறகு இளைத்தாயா பருத்தாயா என்பதெல்லாம் அந்த முதல் நாள் எடையை வைத்துத்தான். கார்பன் கணக்கிலும் அப்படித்தான்.

அந்தக் கடிதம் வருவதற்கு மூன்று வருடம் முன்பு அந்த முதல் நாள் எடையைப் பார்க்க நான் போனபோது, ஷெட் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஜெனரேட்டரைத் தார்ப்பாயால் மூடி, மேலே ஒரு செவ்வந்தி மாலையும் போட்டிருந்தது.

"இது ஓடறதே இல்லீங்க அம்மணி. சும்மா நிக்குது" என்றார் பொன்னுசாமியண்ணன்.

தார்ப்பாய் சூடாக இருந்தது. சித்திரை வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய ஷெட்டை ஒட்டி, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இன்னொரு ஷெட். உள்ளே தறிகள் 'தடக் தடக்' என்று ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் 'குப்புசாமி டெக்ஸ்' என்று பச்சை எழுத்தில் பலகை.

"இது யாரோடதுங்கண்ணா?"

"மச்சானோடதுங்க. தெய்வாத்தாளோட தம்பி."

பலகையில் சாய்ந்து நின்று குறிப்பு எழுதினேன். நிமிர்ந்தால் ரவிக்கைக் கையில் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது.

"என்னங்கண்ணா, காயவே இல்ல?"

"மழை பேஞ்சுதுங்க, அதான்."

சித்திரை மாதத்தில், மண் வெடித்துக் கிடக்கும் பூமியில் மழையாம். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மின்வாரிய பில்லைக் கேட்டேன். அவர் பெயரில் ஒன்றுதான் இருந்தது. ஒரு மீட்டர் துணிக்கு இத்தனை யூனிட் என்பது கச்சிதமாகப் பொருந்தியது; துணிக் கணக்கிலும் அதே அளவு மறைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அவர் மனைவி தெய்வாத்தாள் அக்கா இலை போட்டுவிட்டார். எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகை, தேங்காய்ப்பால், நாட்டுக்கோழிக் குழம்பு. மூன்றாம் தடவை வேண்டாம் என்றபோது, "ஆடிட்டருன்னா வயிறு கெடையாதுங்களா?" என்று இன்னும் ஒரு கரண்டி விழுந்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது. அப்படியே கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். என் வேலையில் நான் செய்த பெரிய மடத்தனம் அதுதான். யார் மேலும் பழி போட முடியாது. கோழியின் மேல் வேண்டுமானால் போடலாம்.

3. தலைக்கு எவ்வளவு

கடிதம் வந்த அன்று ஷெட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டேன். "அண்ணா, அந்த ரெண்டாவது ஷெட்டு யாரோடது? உள்ளதைச் சொல்லுங்க."

பொன்னுசாமியண்ணன் தலையைச் சொறிந்தார். "என்றதுதானுங்க. நாந்தான் ஓட்டறேன்."

"குப்புசாமி?"

"அவன் காந்திபுரத்துல எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கானுங்க. கனெக்‌ஷன் மட்டும் அவன் பேர்ல இருந்துச்சு. இந்தப் பக்கமே வந்ததில்ல."

"எதுக்குங்கண்ணா மறைச்சீங்க?"

"முதத் தடவை வெளிநாட்டுக்காரங்க நம்மளைப் பாக்கறாங்க. இத்தனை பொகையான்னு நெனைச்சுப்போட்டா மானம் என்னாவறது? சிக்கனமான ஆளுன்னு தெரியட்டுமேன்னுதானுங்க."

ஆக, முதல் நாள் எடை மெஷினில் ஒரு காலை மட்டும் வைத்து ஏறியிருக்கிறார். அந்த எடையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இளைக்கிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். போன வருடம் புதுத் தறிகள் வந்தபோது, அவற்றுக்குப் பெரிய மின் இணைப்பு வேண்டியிருந்ததால், இரண்டு ஷெட்டையும் ஒரே இணைப்பில் சேர்த்து அவர் பெயருக்கே மாற்றியிருந்தார். இரண்டு காலும் மெஷினில் ஏறிவிட்டது.

உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அடிப்படை வருடத்தில் உண்மையான புகை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காட்டியது ஐம்பத்தைந்து. இப்போது இருப்பது நூற்றுப்பத்து. கடைக்காரர்கள் இரட்டிப்பு என்று சொன்னது சரிதான். உண்மையில் ஏறியது பத்துதான். ஆனால் ஏறியிருக்கிறது.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய தறிகளில் இருந்தவை நாலைந்து தடவை எரிந்து, செப்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்டிய மோட்டார்கள். கரண்டைக் குடித்துவிட்டுச் சூட்டைத்தான் கக்கும். புதுத் தறியில், முன்பு பத்து யூனிட் குடித்த துணிக்கு ஏழு போதும். இதுதான் டெக்னாலஜி செய்த நன்மை. ஆனால் ஆர்டர் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. ஏழை ஒன்றரையால் பெருக்கினால் பத்தரை; அதாவது நூறாக இருந்தது நூற்றைந்து. இதற்கு நடுவில் ஆட்களும் கூடிவிட்டார்கள். முன்பு சுற்றுவட்டாரத்து ஆட்கள் சைக்கிளில் வந்து போனார்கள். இப்போது நாற்பது பேர் ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு விசிறி, சமையல், வெந்நீர் எல்லாம் வேண்டும்தானே? அதில் மீதி ஐந்து.

ஒரு நாட்டுக் கணக்கும் இதேதான். எத்தனை பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு எவ்வளவு பொருள் வேண்டும், ஒரு பொருளுக்கு எவ்வளவு புகை என்று மூன்றையும் பெருக்க வேண்டும். நல்ல மெஷின் மூன்றாவதை மட்டும் குறைக்கும். முதல் இரண்டும் அதைவிட வேகமாக ஓடினால் மொத்தம் ஏறத்தான் செய்யும்.

இதைச் சொன்னதும் பொன்னுசாமியண்ணன் முகம் மலர்ந்தது. "அப்ப மீட்டருக்கு எவ்வளவுன்னு எழுதுங்க அம்மணி. பத்து ஏழாச்சுல்ல!"

"அவங்க கேக்கறது மொத்தமுங்கண்ணா."

"சரி, தலைக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. எம்பது பேரு. ஊட்டுல ஆளுக்கு நாலு பேரு வெச்சுக்கங்க. அப்பறம் நம்ம பங்காளிங்க, மச்சான் ஊட்டுல ஆறு பேரு..."

மோர் கொண்டுவந்த தெய்வாத்தாள் அக்கா டம்ளரை 'டொக்' என்று வைத்தார். "பட்டியில பதினாறு ஆடு இருக்குது, அதையும் சேத்திக்கங்க. அதும் மூச்சு உடுதுல்ல?"

சிரித்தேனே தவிர, மனசுக்குள் உறைத்தது. உலகத்திலும் இதே பேச்சுத்தான் நடக்கிறது. ஆள் அதிகமுள்ள நாடு தலைக்கு எவ்வளவு என்று பேசும். மெஷின் விற்கிற நாடு பொருளுக்கு எவ்வளவு என்று பேசும். வளர்ந்து முடித்து ஓய்ந்த நாடு மொத்தத்தைப் பேசும். அவரவருக்கு எது சின்னதாகத் தெரிகிறதோ அது.

"பத்து ஏழானா, பொகை கொறையத்தானே வேணும்? எப்படிங்க ஏறும்?" என்று அண்ணன் விடாமல் கேட்டார். பதில் சொன்னது அக்காதான்.

"ஏனுங்க, சந்தகை மிசினு வாங்குனீங்கல்ல? முந்தி மர அச்சுல புழியறப்ப கைப்பிடியில ரெண்டு பேரு தொங்கணும். வருசத்துக்கு நாலு நோம்பி நாளுக்குத்தான் சந்தகை. இப்ப சுச்சைத் தட்டுனா வருது. அதுக்குன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை ஆளைக் கூட்டிக்கிட்டு வாரீங்க. புழியற சிரமம் பாதியாச்சு. புழியறது இருவத்தஞ்சு பங்காச்சு. நான் அடுப்படியை உட்டு வெளிய வந்தனா?"

நான் பத்து வருடமாகப் பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுச் சொல்வதை, கையில் மோர்ச் சொம்போடு ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என் வகுப்புகளில் படம் போடுவதை நிறுத்திவிட்டேன். சந்தகைதான்.

பொன்னுசாமியண்ணன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மணி, விதியில ஒரு வழி இருக்குதாமே. வேற கம்பெனியை வாங்குனா அடிப்படை வருசத்தைத் திருத்திக்கலாமாமா. மச்சான் ஷெட்டை நான் வாங்கிப்போட்டேன்னு எழுதிருவமா?" என்றார்.

வழி இருந்தது. விதியில் அப்படியே இருந்தது. ஒரு தாள் தயார் செய்தால் போதும். அவர் ஆர்டரும் பிழைக்கும், என் கையெழுத்தும் பிழைக்கும். ஐந்து நிமிடம் நான் அதைப் பற்றி யோசித்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. முப்பத்தொரு வருடப் பெயர் ஒரு பலகைப் பெயிண்டில் போய்விடுமே என்று பயம்.

"என்ற தம்பிக்கு ஷெட்டு எந்தத் தெசையில இருக்குதுன்னே தெரியாது" என்றார் அக்கா. "வாரவரு நாலு கேள்வி கேட்டா, அஞ்சாவதுக்கு அழுதுருவான்."

"வேண்டாங்கண்ணா" என்றேன். "ஒரு தடவை தெரியாம போட்டுட்டேன். தெரிஞ்சே போட மாட்டேன். நடந்ததைச் சொல்லிருவோம்."

"சொன்னா ஆர்டர் போயிருமுங்களே!"

"போகலாம். என் பேரும்தான் போகும்."

அன்று மோரைத் தொடாமலே கிளம்பினேன்.

4. ஒறம்பரை

பதினான்காம் நாள் பெங்களூரிலிருந்து வினோத் என்ற ஆடிட்டர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் லேப்டாப், கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில்.

"சாப்பிட வாங்க தம்பி" என்றார் தெய்வாத்தாள் அக்கா.

"மன்னிக்கணும்மா. ஆடிட் பண்ற இடத்துல சாப்பிடக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். உனக்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கும் அதே விதிதான் இருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

பொன்னுசாமியண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், பெண் கேட்கப் போகிறவர் மாதிரி நின்றார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஊட்டுக்கு ஒறம்பரை வாராங்கன்னா நாம என்ன பண்ணுவோம்? ஊட்டைக் கூட்டி, மூட்டை முடிச்சையெல்லாம் அள்ளிப் பக்கத்தூட்டுல போட்டு வெப்பமுல்ல? அப்படித்தானுங்க, முத வருசம் பொகையில பாதியை மச்சான் பேர்ல வெச்சுப்போட்டேன்."

வினோத்துக்குப் புரியவில்லை. ஒறம்பரை என்றால் விருந்தாளி என்றேன். நான் இரண்டு பில்லையும் எடுத்து வைத்தேன். சூடான தார்ப்பாய், பலகை, பெயிண்ட், சித்திரை மழை, என் கையெழுத்து என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது. என்னைவிட இருபது வயது சின்னப் பிள்ளை எதிரில் உட்கார்ந்து, நான் செய்த தப்பை டைப் செய்துகொண்டிருந்தது.

திடீரென்று டைப் அடிப்பது நின்றது. வினோத் திரையைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன் அழுகிறான் என்று அக்கா பதறிவிட்டார்.

"மேடம், எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஏமாத்தறவங்க எல்லாரும் முதல் வருஷத்தைப் பெருசாத்தான் காட்டுவாங்க. அப்பத்தானே அடுத்த வருஷம் குறைச்ச மாதிரி தெரியும்? சின்னதாக் காட்டிட்டு மாட்டிக்கிட்டவரு இவரு ஒருத்தர்தான்!"

பொன்னுசாமியண்ணன் வாயைப் பிளந்தார். "அப்படி ஒரு வழி இருந்துச்சுங்களா?"

"அண்ணா!" என்றேன்.

"இல்லீங்க அம்மணி, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

சிரிப்பு அடங்கியதும் வினோத் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா சார், நம்ம புகையை அடுத்தவங்க பேர்ல எழுதறது தப்பு. அது எங்கயும் போயிடல. அதே காத்துலதான் இருக்கு."

அங்கேதான் பொன்னுசாமியண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். கோபமாக இல்லை, சந்தேகம் கேட்கிற பணிவோடு.

"சரிங்க தம்பி. நான் பண்ணுனது தப்புத்தான், ஒத்துக்கறனுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவங்க ஊர்ல முந்தி தறி ஓடுச்சாமா. அதையெல்லாம் மூடிப்போட்டு நம்மகிட்ட நெய்யச் சொல்றாங்க. அவங்க நாட்டுக் கணக்குல பொகை கொறைஞ்சுது, நம்ம நாட்டுக் கணக்குல ஏறுச்சு. பெட்ஷீட்டு அவங்க கட்டல்லதானுங்க கெடக்குது? நான் என்ற பொகையை மச்சான் பேர்ல எழுதுனேன். அவங்க பொகையை அவங்க என்ற பேர்லதானுங்களே எழுதியிருக்காங்க?"

வினோத் திரையில் பக்கங்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"இதை எழுத எங்க ரிப்போர்ட்ல கட்டம் இல்ல சார்" என்றார் கடைசியில். ஆனால் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதில் எழுதிக்கொண்டார்.

5. காரணம்

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. திருத்திய அடிப்படை வருடத்தை ஏற்றுக்கொள்கிறோம். இரண்டு ஷெட்டும் கணக்கில் வர வேண்டும். நூறு எண்பதாக வேண்டும்; அதற்கு இரண்டு வருடம் அவகாசம். அதுவரை ஆர்டர் தொடரும். சாந்தாமணி சரிபார்க்கும் அறிக்கைகளை ஒரு வருடத்துக்கு இன்னொரு ஆடிட்டரும் சரிபார்ப்பார்.

கடைசி வரியைப் படித்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு வருடம் முழுக்க, நான் எண்ணிய பல்பை இன்னொருவர் என் பின்னால் வந்து எண்ணினார். எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

பதிலோடு வந்த திருத்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கணக்குப் பிழை, உரிமையாளர் மாற்றம், முறை மாற்றம், மற்றவை என்று நான்கு தேர்வுகள். மற்றவை என்றால் விளக்கம் எழுத வேண்டும்.

"என்னங்கண்ணா எழுதறது?"

அவர் யோசித்தார். "வெக்கமுன்னு எழுதுங்க. பொய்யில்ல பாருங்க."

அதையே எழுதி அனுப்பினேன். காரணம்: வெட்கம். ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த இரண்டு வருடம் நாயாய் அலைந்தோம். கம்ப்ரஸர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றுக் கசிகிற இடத்தையெல்லாம் அடைத்தோம். மிச்சமிருந்த பழைய மோட்டார்களைக் கழற்றி எறிந்தோம். இரண்டு கூரையிலும் சோலார் போட்டார். பல்லடம் பக்கத்தில் கரண்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடி ஒன்றில் பங்கு வாங்கினார். ஹாஸ்டல் மாடியில் வெயிலில் தண்ணீர் சுட வைத்தோம். மொத்தம் எழுபத்தொன்பதுக்கு வந்தது. போனில் அந்த எண்ணைச் சொன்னபோது பொன்னுசாமியண்ணன், "என்ற சாமி!" என்று கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். எனக்கும் கண் கலங்கியது.

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு தாள். புதிதாகப் பன்னிரண்டு தறிக்கு விலைப்புள்ளி.

"கெரகமே! அண்ணா, இது ஓடுனா மறுபடியும் எம்பதைத் தாண்டிரும்."

"அதுக்குத்தானுங்க ஓடியாந்தேன். போன தடவை தறி வந்ததுக்கு அப்பறம் கணக்குப் பாத்தோம். இந்தத் தடவை கணக்குப் பாத்துப்போட்டு வாங்கறேன். எத்தனை தறி வாங்கலாம்னு நீங்க சொல்லுங்க. எல்லாம் என்ற பேர்லயே எழுதுங்க."

எண்பதைத் தாண்டாமல் ஐந்து தறிக்குத்தான் கணக்கில் இடமிருந்தது. ஏழு போச்சே என்று ஒரு வாரம் புலம்பினார். ஆனால் ஐந்துதான் வாங்கினார்.

இளைய ஆடிட்டர்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீட்டருக்கு எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்று எத்தனை வகுத்தல் வேண்டுமானாலும் போடுங்கள். முதலில் மொத்தத்தைப் பாருங்கள். பிறகு, குறைந்தது நிஜமாகவே குறைந்ததா, சுவருக்கு அந்தப் பக்கம் போனதா என்று பாருங்கள். சாப்பாடு அதற்கு அப்புறம்.

புதுத் தறி வந்த பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். தெய்வாத்தாள் அக்கா இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார். "சித்த இருங்கக்கா" என்று சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். 'குப்புசாமி டெக்ஸ்' பலகை இன்னும் அங்கேயேதான் தொங்கியது. எடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லையாம். விரலால் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்.